நன்றிக்கடனும் அணுகுண்டும்

மலாயாத் தமிழர் குடும்பங்களில் அணுகுண்டைப் பற்றிய பேச்சு ஹிரோஷிமாவில் தொடங்குவதில்லை, சயாமில்தான் தொடங்குகிறது. என் பாட்டி கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர். அவருடைய அண்ணனைச் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாட்டி ஒரே ஒரு தீர்ப்பைத்தான் சொல்வார்: "அந்தக் குண்டு மட்டும் விழலைன்னா, ஜப்பான்காரன் நம்மள்ல ஒருத்தரையும் விட்டு வச்சிருக்க மாட்டான்." பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் சுங்கைப்பட்டாணியிலும் இதே வாக்கியத்தை வேறு வேறு தாத்தா பாட்டிகளின் வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருப்பார்கள்.

அந்த நன்றியுணர்வை நான் பழிக்க மாட்டேன். அண்ணனைப் பறிகொடுத்தவளுக்கு அப்படிச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. ஆனால் இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், ஐந்தாம் படிவப் பாடநூலின் அணுக்கரு இயற்பியல் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்தும்போது எனக்குள் ஓர் எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. நமக்கு ஒரு விடுதலை கிடைத்தது என்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் கடமை வேறெவரையும்விட நமக்கே அதிகம். அந்தப் பட்டியலில் ஹிரோஷிமா, நாகசாகி மக்கள் மட்டும் இல்லை. என்ன நடக்கிறது என்று சொல்லப்படாமலேயே விலை கொடுக்க வைக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அணுகுண்டைச் செய்ய அமெரிக்கா இரகசியமாக நடத்திய மன்ஹாட்டன் திட்டம் உலகத்துக்கு விட்டுச்சென்றவற்றில் குண்டுக்கு அடுத்தபடியாக நான் வைப்பது இந்தச் சொல்லாமையைத்தான்.

முதலில் பாட்டியின் கணக்கையே கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். சயாம் மரண இரயில் பாதை 1943 அக்டோபரிலேயே இணைக்கப்பட்டுவிட்டது. குண்டு வடிவமைக்கப்பட்ட நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் வேலையைத் தொடங்கியது அதே ஆண்டு ஏப்ரலில்தான். அந்தப் பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்ட பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலோரை எந்தக் குண்டாலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் பாதையைப் பராமரிக்கவும் விறகு வெட்டவும் 1945 வரை அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் போர் ஒரு மாதம் முன்னதாக முடிந்ததே உயிர்ப்பிச்சைதான். இங்கேயும் அப்படியே. சண்டையிட்டு இறங்குவதற்கென்று பிரிட்டிஷார் தீட்டி வைத்திருந்த திட்டத்தின்படி அவர்களுடைய படைகள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் 1945 செப்டம்பர் 9 அன்று இறங்கியபோது, ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்தது. அதற்கு ஆறு நாள் முன்பே பினாங்கில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் ஒரு குண்டும் வெடிக்காமல் கரையேறியிருந்தார்கள். ஜப்பானின் சரணுக்குக் குண்டுதான் காரணமா, சோவியத் யூனியன் ஆகஸ்ட் 8 அன்று போர் அறிவித்ததும் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். எப்படியிருந்தாலும், மோரிப்பிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு பெரும்போர் நடக்காமல் போனதன் பயனை அனுபவித்தவர்கள் நாம். இந்த உண்மையை மறைத்துவிட்டு அணுகுண்டை எதிர்த்துப் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

இனி அந்தத் திட்டத்துக்கு வருவோம். 1942-இல் அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் பிரிவு தொடங்கிய இந்த வேலைக்குச் சுமார் 200 கோடி டாலர் செலவானது. உச்சத்தில் 125,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். இத்தனை பெரிய செலவைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. துணை அதிபராக இருந்த ட்ரூமனுக்கே முழு விவரமும் அவர் அதிபராகி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, 1945 ஏப்ரல் 25 அன்றுதான் சொல்லப்பட்டது. நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், வேலை செய்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

டென்னசியின் ஓக் ரிட்ஜ் நகரம் 1942-க்கு முன்பு இல்லவே இல்லை. அங்கே இருந்த சிற்றூர்களின் குடும்பங்களைச் சில வார அவகாசத்தில் வெளியேற்றிவிட்டு எழுப்பப்பட்ட அந்த நகரத்தில் 1945-இல் 75,000 பேர் வாழ்ந்தார்கள். குண்டுக்குத் தேவையான யுரேனியம்–235-ஐப் பிரித்தெடுக்கும் கருவிகளின் முன்னால் உயரமான முக்காலிகளில் இளம்பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். பலர் அப்போதுதான் உயர்நிலைப்பள்ளியை முடித்தவர்கள். ஒரு முள் குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கும்படி குமிழ்களைத் திருகிக்கொண்டே இருப்பதுதான் வேலை. முள் எதைக் காட்டுகிறது, குமிழ் எதை இயக்குகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கேட்டவர்களின் இருக்கையில் மறுநாள் வேறொருத்தி அமர்ந்திருப்பாள் என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். இங்கே பார்ப்பது, செய்வது, கேட்பது எல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று நகரின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அவர்களில் மிகப் பலர் 1945 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாச் செய்தி வெளியான பிறகே தெரிந்துகொண்டார்கள்.

அதே நகரில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை பதினாறு அடிக்குப் பதினாறு அடி ஒட்டுப்பலகைக் கொட்டகைகள். கண்ணாடி இல்லாத சன்னல், நடுவில் ஓர் அடுப்பு, ஒரு கொட்டகையில் நான்கைந்து பேர். கணவனும் மனைவியும் ஆனாலும் ஆணுக்குத் தனிக் கொட்டகை, பெண்ணுக்குத் தனிக் கொட்டகை. நம் தோட்டத்து லயங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொட்டகைகளின் படங்களைப் பார்த்ததும் விளக்கம் தேவைப்படாது. கான்கிரீட் கலக்கும் வேலைக்காக அங்கே வந்த எப் கேட் என்ற கறுப்பினத் தொழிலாளி, 1945 மார்ச்சில் சாலை விபத்தில் கை கால் முறிந்து திட்டத்தின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஏப்ரல் 10 அன்று அவர் உடலில், குண்டுக்குப் பயன்படும் கதிரியக்கத் தனிமமான புளூட்டோனியம் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. உடலுக்குள் அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்ப்பதற்காகப் பின்னர் அவருடைய பற்களும் எலும்புத் துணுக்குகளும் எடுக்கப்பட்டன. அவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. 1947 வரை வெவ்வேறு மருத்துவமனைகளில் இப்படிப் புளூட்டோனியம் செலுத்தப்பட்டவர்கள் மொத்தம் பதினெட்டுப் பேர். அதிபர் கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 1995-இல்தான். அதற்குள் அந்தப் பதினெட்டுப் பேரும் இறந்திருந்தார்கள்.

லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஓப்பன்ஹைமரைப் பற்றியும், முதல் சோதனைக் குண்டு வெடித்தபோது அவர் நினைவுகூர்ந்த கீதை வரியைப் பற்றியும் நம்மவர்கள் எழுதிய பதிவுகள் ஏராளம். நம் நூலிலிருந்து ஒரு வரி அந்த இடத்தில் ஒலித்தது என்பதில் நமக்கு ஏதோ ஒரு பெருமிதம். அந்தப் பெருமிதத்தில் ஒரு பங்கு நேரத்தையாவது எப் கேட்டுக்கும், யுரேனியத் தாதுவைச் சுமந்தவர்களுக்கும் ஒதுக்கலாம்.

தாதுவின் பெரும்பகுதி பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே கிடைத்த தாதுவில் சிலவற்றில் யுரேனிய ஆக்சைடின் அளவு 65 விழுக்காடு வரை இருந்தது; உலகில் வேறெங்கும் அப்படிப்பட்ட வளம் அப்போது அறியப்படவில்லை. சுரங்க நிறுவனத்தின் தலைவர் எட்கர் சென்ஷியே 1940-இலேயே 1,200 டன் தாதுவை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அனுப்பிக் கிடங்கில் வைத்திருந்தார். அவருக்கு அமெரிக்க அரசு பதக்கம் அளித்தது. கையால் தாதுவைப் பொறுக்கிப் பிரித்த காங்கோ மக்களின் பெயர்கள் எந்தப் பதக்கத்திலும் இல்லை.

இன்னொரு பகுதி கனடாவின் வடகோடியிலிருந்து, கிரேட் பேர் ஏரிக்கரையின் போர்ட் ரேடியம் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்த ஏரியைத் தாய்நிலமாகக் கொண்ட சாத்து தேனே பழங்குடி ஆண்கள் தாது மூட்டைகளை முதுகில் சுமந்து படகுகளில் ஏற்றி இறக்கினார்கள். ஒரு மூட்டை ஏறக்குறைய 45 கிலோ. மூட்டையிலிருந்து கசிந்த தூசி உடையிலும் தலைமுடியிலும் படியும். அந்த மூட்டைகளின் மேலேயே படுத்து உறங்குவார்கள். காலியான சாக்குகளை வீட்டுப் பெண்கள் பிரித்துக் கூடாரத்துணியாகத் தைத்துக்கொள்வார்கள். அந்தத் தூசியால் வரக்கூடிய ஆபத்தை அரசு விஞ்ஞானிகள் 1930-களிலேயே அறிந்திருந்தார்கள். தேனே மக்களுக்கு அவர்கள் சொல்லவில்லை. பிற்காலத்தில் புற்றுநோயில் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக இறக்க, அவர்கள் வாழ்ந்த டெலினே என்னும் ஊருக்குக் கைம்பெண்களின் ஊர் என்றே பெயர் ஏற்பட்டது. அந்த மரணங்களில் எத்தனை தாதுத் தூசியால் நேர்ந்தவை என்பதில் அரசு அறிக்கைக்கும் ஊர் மக்களுக்கும் இன்னும் உடன்பாடில்லை.

நான் இந்த வரலாற்றில் அதிகம் நினைத்துப் பார்ப்பது அதற்கடுத்து நடந்ததை. தாங்கள் சுமந்த மண் எங்கே போயிற்று என்பது தெரியவந்த பிறகு, 1998 ஆகஸ்டில் தேனே மக்களின் குழு ஒன்று ஹிரோஷிமாவுக்குப் போய், உயிர் தப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. மூட்டைக்குள் இருப்பது என்னவென்று தெரியாமல் சுமந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். எல்லாம் தெரிந்து குண்டுபோட உத்தரவிட்ட அமெரிக்க அரசு இன்றுவரை கேட்கவில்லை.

1945 ஜூலை 16 விடியற்காலை 5.29-க்கு நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் வெடித்த முதல் குண்டைப் பற்றி அக்கம்பக்கத்து மக்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி, தொலைவில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்பதே. துலரோசா வடிநிலத்தில் வாழ்ந்தவர்கள் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துக் குடிப்பவர்கள். ஆட்டுப்பாலும் தோட்டத்துக் காய்கறியும் அவர்களுடைய உணவு. வானத்திலிருந்து சாம்பல் விழுந்த நாள்களில் அவர்கள் அந்த நீரைத்தான் குடித்தார்கள், அந்தப் பாலைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தைக்கூட முன்கூட்டியே வெளியேற்றவில்லை. கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1990-இல் வந்தபோது நெவாடாச் சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். உலகின் முதல் அணுவெடிப்பின் சாம்பலை உண்டவர்கள் விடுபட்டார்கள். அவர்களையும் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டது 2025 ஜூலையில். எண்பது ஆண்டுகள் என்பது ஒரு மனிதனின் முழு ஆயுள். விண்ணப்பிக்க இருப்பவர்களில் பலர் பேரப்பிள்ளைகள்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். நாகசாகிக் குண்டுக்கான ஏறக்குறைய ஆறு கிலோ புளூட்டோனியம் அங்கேதான் உருவானது. கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்த இரண்டு ஊர்களைக் காலி செய்து, வானபம் பழங்குடியினரை அவர்களுடைய மீன்பிடி இடங்களிலிருந்து விலக்கி, 1943-இல் கட்டத் தொடங்கினார்கள். புளூட்டோனியத்தைப் பிரித்த பிறகு எஞ்சும் கதிரியக்கக் கழிவை நிலத்தடித் தொட்டிகளில் ஊற்றி வைத்தார்கள். அப்போதைக்குத் தொட்டி போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவு அது. போருக்குப் பிறகும் உற்பத்தி 1980-களின் இறுதிவரை நீண்டது. தொட்டிகளும் பெருகி 177 ஆயின. இன்று அவற்றில் கிடப்பது ஏறக்குறைய 21 கோடி லிட்டர். முதலில் கட்டப்பட்ட 149 தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவை கசிந்தவையாகக் கருதப்படுகின்றன. கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கும் ஆலை, பல முறை தள்ளிப்போய், 2025-இல்தான் வேலை செய்யத் தொடங்கியது. புளூட்டோனியம்–239-இன் அரை ஆயுட்காலம் (அதில் பாதி சிதைய ஆகும் காலம்) 24,100 ஆண்டுகள் என்று கரும்பலகையில் எழுதும்போது மாணவர்கள் அதை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கென்று கட்டிய தொட்டி ஒன்றையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது நான் வரைந்து காட்டுகிறேன்.

ஜப்பானுக்கு வந்தால், நம்மிடம் சொல்லப்படாத கதை ஒன்று பினாங்கிலேயே இருக்கிறது. 1925-இல் இங்கே பிறந்த அப்துல் ரசாக் அப்துல் ஹமீது, ஆக்கிரமிப்புக் காலத்தில் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஜப்பானியர் தேர்ந்தெடுத்துக் கொண்டுசென்ற சிறப்பு மாணவர்களில் ஒருவர். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அவர் ஹிரோஷிமாவில் வகுப்பறையில் இருந்தார். கட்டடம் இடிந்து அவர்மீது விழுந்தது. இடிபாடுகளிலிருந்து மீண்டு, நாடு திரும்பி, ஆசிரியரானார். பின்னாளில் ஷா ஆலாமில் மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தார், 2013-இல் காலமானார். அவருடைய மகன் சுல்கிப்ளி அப்துல் ரசாக் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அப்துல் ரசாக்குடன் ஹிரோஷிமாவில் இருந்த மலாயா மாணவர்களில் நிக் யூசோப், சையத் ஓமார் இருவரும் பிழைக்கவில்லை. சையத் ஓமார் செப்டம்பர் தொடக்கத்தில் கியோட்டோ மருத்துவமனையில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பினாங்குத் துறைமுகத்தில் மக்கள் பிரிட்டிஷ் கப்பல்களை வரவேற்றுக்கொண்டிருந்த அதே நாள்களில் நடந்தது அது.

நம்மைக் காப்பாற்றிய குண்டு நம் நாட்டுப் பிள்ளைகள் இருவரைக் கொன்றது என்பதை எந்தத் தமிழ் மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் மலாய்க்காரர்கள், நம் கதையில் சேராதவர்கள் என்று விட்டுவிட்டோமோ என்று வருத்தமாக இருக்கிறது. சயாமில் மாண்ட தமிழர்களின் கதையைத் தேசிய வரலாறு கண்டுகொள்ளவில்லை என்று நாம் நியாயமாகவே குறைப்பட்டுக்கொள்கிறோம். அப்படிக் குறைப்படுகிறவர்கள் இந்த மூன்று மாணவர்களின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

திட்டத்துக்குள்ளேயே மனம் பொறுக்காதவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944 இறுதியில் லாஸ் அலமோஸை விட்டு வெளியேறியவர் ஜோசப் ரோட்பிளாட். அவருக்கு 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1945 ஜூலையில் லியோ சிலார்டு எழுதிய விண்ணப்பத்தில் எழுபது விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். அந்தத் தாளுக்கு இரகசிய முத்திரை குத்தி வைத்துவிட்டார்கள். அது அதிபரின் பார்வைக்குப் போகவில்லை. வெளியாரிடம் சொல்லாமல் இருப்பதற்காக ஏற்படுத்திய ஏற்பாடு, உள்ளிருந்து எழுந்த எதிர்ப்பையும் விழுங்கிக்கொண்டது.

இந்தப் பழக்கம் இராணுவத்தோடு நின்றுவிடவில்லை. 1944-இலேயே அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து உலகத்தின் யுரேனியத்தையும் தோரியத்தையும் தம் கைக்குள் கொண்டுவர ஓர் அமைப்பை உருவாக்கின. தோரியம் இருக்கும் மோனசைட் மணல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் உண்டு. நம் பேராக் ஈயச் சுரங்கங்களில் ஈயத்தைப் பிரித்த பிறகு எஞ்சும் அமாங்கிலும் உண்டு. அந்த அமாங்கின் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க 1982-இல் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை தொடங்கப்பட்டபோது, தோரியம் கலந்த கழிவு தங்கள் வீடுகளுக்கு அருகே கிடக்கப்போகிறது என்பது ஊர் மக்களுக்குத் தெரியாது. பாப்பான் மக்கள் 1984-இல் கழிவுக்குழியை எதிர்த்துத் திரண்டார்கள். புக்கிட் மேரா மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது. 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. இது குண்டுக்கான ஆலை இல்லை, ஹிரோஷிமாவுடன் ஒப்பிடக்கூடியதும் இல்லை. ஆனால் முதலில் செய்துவிடுவது, கேட்டால் பாதுகாப்பானது என்று சொல்வது, கழிவைப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற வரிசை ஹான்ஃபோர்டில் பார்த்ததுதான்.

அணு ஆயுதங்களைப் பொறுத்தவரை மலேசியா தலைநிமிர்ந்து நிற்கிறது. அனைத்துலக நீதிமன்றம் 1996-இல் அளித்த கருத்துரையைப் பின்பற்றி ஆயுதக் களைவுப் பேச்சைத் தொடங்கக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் ஆண்டுதோறும் முன்வைத்து வருவது நம் நாடு. அணு ஆயுதத் தடை உடன்படிக்கையிலும் 2017-இல் கையெழுத்திட்டு, 2020-இல் ஏற்புறுதி செய்துவிட்டது. இப்போது 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் இடம்பெற்றிருக்கிறது. நான் அணு உலையையே எதிர்ப்பவன் இல்லை. பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆய்வு உலையைப் பற்றி மாணவர்களிடம் மதிப்போடுதான் பேசுகிறேன். ஆனால் உலை எந்த ஊரில் வரப்போகிறது, பயன்படுத்திய எரிபொருள் எங்கே வைக்கப்படும், அதற்குப் பொறுப்பு யாருடையது, இவற்றை அந்த ஊர் மக்களுக்கு அவர்கள் வீட்டில் பேசும் மொழியில், நிலத்தை அளக்க வருவதற்கு முன்பே யார் சொல்வார்கள் என்ற கேள்விகளை எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மலாயிலும் தமிழிலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் அதை முழுமையாக இங்கே வெளியிடுவேன். மற்றத் தொகுதிகளில் இருப்பவர்களும் தங்கள் உறுப்பினருக்கு எழுதிக் கேளுங்கள்.